மணலில் பதிந்த முழங்கால்

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஹெலன் நின்றுகொண்டிருந்தபோது போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். துணி காயப்போட ஏறியவளின் கண்ணில் பட்டது ஒரு பழைய பிளைவுட் பலகை. நான்கு பக்கமும் சட்டம் அடித்து, உள்ளே நாலு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் பரப்பியிருந்தது. அந்த மணலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். சின்னக் கிண்ணங்களைக் கவிழ்த்து அழுத்தியதுபோல.

ஹெலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவையைச் சற்று உயர்த்தி, தன் முழங்கால்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. ஆனால் என்ன குழி என்று தெரிந்துவிட்டது. யாருடையது என்றும் தெரிந்துவிட்டது.

ஆட்டையாம்பட்டியில் அந்த வீட்டில் இருப்பவர்கள் மூன்றே பேர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்ற சகாயம்மாள். முப்பத்து நாலு வருடம் லாரி ஓட்டிய அவர் கணவர் சவரியார். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் மருமகள் ஹெலன். மகன் மார்ட்டின் போர்வெல் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கிறான். பத்து மாதம் முன்பு சகாயம்மாளுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது.

மூட்டு மாற்று என்றதும் பலர், பழைய மூட்டை முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பில் ஒன்றை மாட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். சவரியாரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் அது பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரி. தொடை எலும்பின் தேய்ந்த நுனியைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, அதன்மேல் வழவழப்பான உலோக உறை ஒன்றைப் பொருத்துகிறார்கள். கீழே, கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை. தசை, தசைநார், நரம்பு, தோல் எல்லாம் பழையவையே. புது உலோகத்துக்கு வலி தெரியாது. வலிப்பதெல்லாம் அதைச் சுற்றியிருக்கிற பழைய ஆளுக்குத்தான்.

முதல் நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. கைத்தடி இல்லாமல் கோயிலுக்கு நடந்து போய்வந்தார் சகாயம்மாள். அதற்குப் பிறகு மூட்டின் உட்பக்கம் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இரண்டு வாரமாகக் கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது. இன்று சேலத்தில் டாக்டரைப் பார்க்கும் நாள்.

ஹெலன் துணி வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

சகாயம்மாள் சமையலறையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாடியில மணலு யாரு கொட்டி வெச்சது?"

கத்தி ஒரு நொடி நின்றது. "அதுவா… பூனைக்கு, கண்ணு."

"நம்மூட்டுல பூனை ஏது?"

"பக்கத்தூட்டுப் பூனை. பூந்தொட்டியெல்லாம் நோண்டுது. அதுக்குன்னு தனியா ஒரு எடம் வெச்சுட்டா இங்க வராதுல்ல?"

முன்னறையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சவரியாரின் குரல் வந்தது. "ஆமாமா. அந்தப் பூனை ரொம்பத்தான் ரவுசு பண்ணுது."

ஹெலன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "பூனைக்கு நாலு காலு அத்தை. அங்க ரெண்டு குழிதான் இருக்குது."

சகாயம்மாள் இன்னொரு பீன்ஸை எடுத்து நறுக்கினார்.

"முழங்கால் போடறீங்களா?"

"மெல்லப் பேசு சாமி. மாமனுக்குக் கேக்கும்."

"எதுக்குங்க அத்தை?"

சகாயம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

மூட்டு மாற்று அறுவைக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். வலியைத் தலைக்குக் கொண்டுபோகும் நரம்பு வழி அடைபட்டுவிடும். காதுக்குப் போகும் வழி அடைபடாது. தூங்க மருந்து கொடுத்தாலும் சிலர் நடுவில் விழித்துக்கொள்வார்கள். உறையையும் தட்டையும் எலும்பில் இறுக்க டாக்டர் சுத்தியலால் தட்டுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள்.

"தச்சுப்பட்டறையில படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு சாமி. டங்கு டங்குன்னு அடிக்கறாங்க. அடி எம்பட கால்லதான் உழுகுதுன்னு தெரியுது. ஆனா காலே இல்லாத மாதிரியும் இருக்குது. பயந்துபோயி வேளாங்கண்ணித் தாயக் கூப்பிட்டேன். இந்தக் கால நடக்க வெச்சுடு தாயே, உன்ற மணல்ல முழங்கால்லயே வாரேன்னு சொல்லிப்போட்டேன்."

வேளாங்கண்ணிக்குப் போனவர்களுக்கு அந்த மணல் பாதை தெரியும். கேட்டது கிடைத்தவர்கள், கையில் மெழுகுவத்தியோடும் ஜெபமாலையோடும், அந்த மணலில் முழங்காலாலேயே ஊர்ந்து போவார்கள். நேர்ச்சைகளில் கடினமானது அது. நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கே தோல் உரிந்துவிடும்.

ஹெலனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அத்தை, முழங்காலுக்கு வேண்டிக்கிட்டு முழங்கால்லயே வாரேன்னா எப்படி? பல்லுக் கட்டிவிட்டா கல்லக் கடிச்சுக் காட்டறேன்னு வேண்டிக்கற மாதிரியில்ல இருக்குது!"

"அப்ப வேற எதுவும் வாயில வரல. பெருசா எதையாச்சும் குடுக்கோணும்னு தோணுச்சு. எங்கிட்ட அதவிடப் பெருசா என்ன இருக்குது?"

செப்டம்பரில் திருவிழா. அதற்குள் பழகிவிட வேண்டும் என்று போன மாதம் ஆரம்பித்திருக்கிறார். மருமகள் பள்ளிக்குப் போனதும், கணவர் கடைவீதிக்குப் போனதும், மாடிப்படி ஏறிவிடுவார். முதல் நாள் ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம்தான் முழங்காலில் நிற்க முடிந்தது. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. பத்தை எட்டிய வாரத்தில்தான் கால் வீங்க ஆரம்பித்தது.

"இன்னைக்கு டாக்டர்கிட்ட இதச் சொல்லோணும் அத்தை."

"வேண்டாம் சாமி." சகாயம்மாள் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் லீவு போட்டுட்டு என்னைய ஒரு கொழந்தையாட்டம் பாத்துக்கிட்ட. பாத்ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போன. ஐஸ் வெச்ச. எம்பட காலப் புடிச்சு மடக்கறப்ப நான் உன்னையக் கண்டபடி திட்டுனேன், வாயத் தொறக்காம வாங்கிக்கிட்ட. அத்தனையும் செஞ்சு நீ நேராக்குன கால நானே மணல்ல வெச்சு கெடுத்துப்போட்டேன்னு எந்த வாயில சொல்லுவேன்? மறுபடி தொறக்கோணும்னு சொல்லிட்டா?"

அதுதான் பயம். வீக்கமும் சூடும் இருந்தால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று போனில் டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே போட்டது ஆட்டம் கண்டிருக்கிறதா, கிருமி புகுந்திருக்கிறதா, அல்லது இரண்டும் இல்லையா. முதல் இரண்டில் எது இருந்தாலும் அதே காலை மறுபடியும் திறக்க வேண்டிவரலாம்.

ஹெலன் நறுக்கிய பீன்ஸை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். பிறகு, "மணலச் சலிச்சு வேற வெச்சிருக்கீங்க. ஒரு கல்லு இல்ல," என்றாள்.

சகாயம்மாள் நிமிர்ந்தார். "நான் எங்க சலிச்சேன்?"

"கெளம்பலையா?" என்று சவரியார் முன்னறையிலிருந்து சத்தம் போட்டார். "பத்து மணிக்கு மேல போனா மதியம்தான் பாப்பாங்க. பேச்ச வண்டியில வெச்சுக்கங்க!"

வண்டியில் ஏறுவதற்கு முன் சவரியார் தினமும் செய்கிற வேலையைச் செய்தார். மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, புறங்கையை இடது முழங்காலில் வைத்தார். பிறகு வலதில்.

லாரிக்காரர்களின் பழக்கம் அது. சக்கரத்தின் நடுவில் ஹப் என்று ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் பேரிங், பேரிங்குக்குக் கிரீஸ். கிரீஸ் காய்ந்தாலோ பேரிங் தேய்ந்தாலோ உரசல் கூடும், ஹப் சூடாகும். அதனால் டீக்கு நிறுத்துகிற இடத்திலெல்லாம் டிரைவர் இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்ப்பார். எவ்வளவு சூடு என்பது முக்கியமில்லை. ஓடிய வண்டியில் எல்லா ஹப்பும் சூடாகத்தான் இருக்கும். மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால்தான் யோசிக்க வேண்டும்.

"நேத்திக்கவிடக் கொஞ்சம் கம்மி," என்றார்.

"உங்களுக்கு எப்பவும் கம்மிதான்," என்றார் சகாயம்மாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே. படுக்க வைக்காமல் நிற்க வைத்து எடுத்தார்கள். படுத்திருக்கிற மூட்டு சும்மா இருக்கிற மூட்டு. உடம்பின் பாரம் முழுக்க அதில் இறங்கும்போது என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் நிற்கத்தான் வேண்டும். சகாயம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் கைலாசம் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

"வலி எவ்வளவுங்கம்மா? வழக்கம்போலதான். வலியே இல்லைன்னா சைபரு, தாங்கவே முடியலைன்னா பத்து."

"ரெண்டுங்க."

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். "போன தடவ ரெண்டு. அதுக்கு முந்தியும் ரெண்டு. இந்த வீக்கத்தப் பாத்தா ரெண்டு மாதிரி தெரியலையே. எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

"இடிச்சுக்கிட்டீங்களா? இந்த ஒரு மாசத்துல புதுசா ஏதாச்சும் செஞ்சீங்களா?"

சகாயம்மாள் மருமகளைப் பார்த்தார். ஹெலன் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தாள். நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியவர் அத்தைதான்.

"மணலுங்க டாக்டர்."

மூவரும் திரும்பினார்கள். கதவோரம் நின்றிருந்த சவரியார் இரண்டு அடி முன்னால் வந்தார்.

"மாடியில மணல்ல முழங்கால் போடறா. ஒரு மாசமாச்சு. நேர்ச்சைங்க. தப்பு எம்மேலதானுங்க. நான்தான் மணலச் சலிச்சு வெச்சேன்."

"நீங்களா?" என்றார் சகாயம்மாள்.

"பின்ன? பூனையா சலிச்சுது?" சவரியார் டாக்டரிடமே பேசினார், மனைவியைப் பார்க்காமல். "அந்தப் பலகைய மொத நாளு பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. ஆபரேசன் தேட்டருக்குள்ள போறப்ப ஜெபமாலைய எங்கையில குடுத்துட்டு வேளாங்கண்ணி வேளாங்கண்ணின்னு சொல்லிக்கிட்டேதான் போனா. நிறுத்துன்னா கேக்கமாட்டா. நேர்ச்சைய நிறுத்தச் சொல்ல எனக்கும் பயமுங்க. பாத்தா மணல்ல பூராவும் ஜல்லி. குத்துமேன்னு சலிச்சேன். போன வாரம் அடியில பழைய லாரி சீட்டு ஸ்பாஞ்ச வெட்டிப் போட்டேன்."

"அடப்பாவி மனுசா!" சகாயம்மாளுக்கு டாக்டர் முன்னால் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. "மெத்துன்னு இருந்துச்சே! மாதாதான் எறங்கிட்டான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்த வெள்ளையா இருக்கறது உள்ள வெச்ச உலோகம். இது எலும்பு. ரெண்டையும் ஒட்டற சிமெண்டு இது. ஆட்டம் கண்டிருந்தா நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடும். செவுத்துக்கும் சன்னல் சட்டத்துக்கும் நடுவுல விரிசல் விடுமில்ல, அந்த மாதிரி. கோடு எதுவுமே இல்ல. போன தடவ எடுத்த படமும் இதும் அச்சா ஒண்ணாத்தான் இருக்குது. முழங்கால் போட்டதால எதுவும் ஒடையலைங்கம்மா. அவ்வளவு லேசா அது ஒடையாது. மேல இருக்கற தோலும் தசைநாரும்தான் புண்ணாகி வீங்கியிருக்கு."

"அப்ப தொறக்க வேண்டாமுங்களா?"

"அத இப்பவே சொல்லமாட்டேன். கிருமி இல்லைன்னும் உறுதியாகணும். ரத்தம் எடுத்துருவோம்."

உடம்பில் எங்காவது கிருமியோ புண்ணோ இருந்தால் ஈரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் அதிகமாக விடும். ஊரில் எங்கோ தீப்பிடித்தால் அடிக்கிற மணி மாதிரி அது. எந்தத் தெருவில் தீ என்று மணி சொல்லாது. ஆனால் மணியே அடிக்கவில்லையென்றால் பெரிய தீ எதுவும் இல்லை என்று ஓரளவு நம்பலாம். அளவு ஏறியிருந்தால் மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் கிருமி இருந்தால் அறுவைதான்.

முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஹெலன் மூன்று டீ வாங்கிவந்தாள். சகாயம்மாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"ஏனுங்க, பாத்துட்டும் ஒரு வார்த்த கேக்கல. பூனைன்னு நான் பொய்யி சொன்னா, ரவுசு பண்ணுதுன்னு கூடச் சேந்து பொய்யி சொல்றீங்க."

"கேட்டிருந்தா நீ நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்னத்துக்குக் கேக்கோணும்?"

ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதில் இருந்தவரின் காலில் புதுக் கட்டு.

"அத்தை," என்றாள் ஹெலன். "மணல விடுங்க. உள்ள ரெண்டுன்னு சொன்னீங்களே, அது யாருக்காகச் சொன்னீங்க?"

"ரெண்டுதான் சாமி…"

"அத்தை."

சகாயம்மாள் டீயைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "உனக்காகத்தான் சொன்னேன். உங்க மாமனுக்காக. அங்க வெயில்ல கெடந்து கஷ்டப்படற மார்ட்டினுக்காக. அந்த டாக்டருக்காகவுந்தான். இத்தன பேரு இத்தன செஞ்சும் இன்னும் வலிக்குதுன்னு சொன்னா, நன்றி கெட்டவன்னு ஆயிருமில்ல? நீ செஞ்சதெல்லாம் வீணுன்னு நானே சொல்ற மாதிரி ஆயிருமில்ல?"

அதைக் கேட்டபோது ஹெலனுக்கு அந்த மூன்று மாதத்துக் களைப்பெல்லாம் ஒரு நொடி திரும்பி வந்து போனதுபோல் இருந்தது. அத்தை அதை ஒவ்வொன்றாக நினைவு வைத்திருக்கிறார் என்பதே அவளுக்கு இன்று காலையில்தான் தெரியும்.

"எங்க வகுப்புல சில புள்ளைங்க விடைய மட்டும் எழுதும் அத்தை. நடுவுல போட்ட கணக்கக் காட்டாது. விடை தப்பா இருந்தா நான் எங்கன்னு போயித் தேடறது? எந்த வரியில தப்பாச்சுன்னே தெரியாது. நீங்க பத்து மாசமா டாக்டருக்கு விடைய மட்டுந்தான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அதும் காப்பியடிச்ச விடை," என்றார் சவரியார்.

"நீங்க வாய மூடுங்க," என்றார் சகாயம்மாள்.

"வலிக்குதுன்னு சொல்றதுனால நான் செஞ்சது வீணாயிடாது அத்தை," என்றாள் ஹெலன். "வலிக்கறப்ப சொல்லலைன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்."

சகாயம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சவரியார் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "போன வருசம் இதே ஆடி மாசம். வாசப்படி ரெண்டு எறங்க என்ற தோளப் புடிச்சா. தோள்ல விரலு பதிஞ்ச தடம் இருக்கும். இப்ப என்னடான்னா எங்க யாருக்கும் தெரியாம இருவது படி ஏறிப் போயிட்டு எறங்கி வந்துடறா. ஆளப் புடிக்க முடியல." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வலி இருக்குதோ இல்லையோ, திருட்டுத்தனமாப் போயிட்டு வர்ற அளவுக்குக் காலு வந்துருச்சு. அதுக்கே நான் தெனமும் கும்புட்டுக்கிட்டு இருக்கறேன்."

"திருட்டுத்தனமா நானு!" என்றார் சகாயம்மாள். ஆனால் டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அதையும் சொல்லாமல் குடித்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஆறிப்போச்சு கண்ணு," என்றார்.

"வேற வாங்கிட்டு வாரேன்," என்று ஹெலன் எழுந்தாள்.

இரண்டு மணி நேரம் இரண்டே கால் ஆயிற்று. பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரின் கையில் தாள் இருந்தது. அவர் உட்காரச் சொல்வதற்குள்ளேயே சவரியார் கேட்டுவிட்டார். "மறுபடி தொறக்கோணுங்களா?"

"வேண்டாமுங்க. அளவு மூணுதான் இருக்குது. அஞ்சுக்குள்ள இருந்தா சரி. கிருமிக்கான அறிகுறி எதுவும் இல்ல."

சகாயம்மாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்; ஒரு தடவை போதவில்லை, இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டார்.

"இப்ப மறுபடியும் கேக்கறேன்," என்றார் டாக்டர். "வலி எவ்வளவு?"

சகாயம்மாள் மருமகளைப் பார்க்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்தார்.

"ஆறுங்க. மாடிப்படி எறங்கறப்ப ஏழு."

"எப்ப இருந்து?"

"ஆபரேசன் ஆன அஞ்சாம் மாசத்துல இருந்துங்க."

டாக்டர் பேனாவை எடுத்துப் பழைய இரண்டுகளுக்குக் கீழே ஆறு என்று எழுதினார். கோபப்படவில்லை. "ரெண்டுன்னு நம்பித்தான் நான் மாத்திரைய நிறுத்துனேன். பிசியோதெரபி தனப்பிரியா பயிற்சியக் கொறச்சாங்க. ஆறுன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டையும் செஞ்சிருக்கமாட்டோம்."

"மன்னிச்சுக்கோங்க."

"மன்னிக்க என்ன இருக்குது? என்னையச் சங்கடப்படுத்தக்கூடாதுன்னு எத்தனையோ பேரு சொல்றதுதான்."

"அப்ப இந்த வலி மணலால இல்லீங்களா?"

"வீக்கம் மணலால. வலி அதுக்கு நாலு மாசம் முந்தியே வந்துருச்சே?"

"பின்ன எதனாலுங்க?"

டாக்டர் சற்று யோசித்தார். "முழுசாத் தெரியலைங்கம்மா. இந்த ஆபரேசன் செஞ்சுக்கிட்ட பத்துப் பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ இந்த மாதிரி வலி தங்கிப்போயிடுது. படத்துல தெரியாது, ரத்தத்துல தெரியாது. தொடைத் தசை இன்னும் பலப்படாம இருக்கலாம். பல வருசமா வலியச் சுமந்த நரம்பு, இன்னும் பழக்கத்துல கத்திக்கிட்டு இருக்கலாம். சிலருக்கு ரெண்டாம் வருசத்துல கொறையும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். உங்களுக்கு எதுன்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா கொறைக்கறதுக்கு வழி இருக்குது. இன்னைல இருந்து அதப் பாப்போம்."

சகாயம்மாளின் முகத்தில் வந்த நிம்மதியை ஹெலன் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொன்னால் எல்லோரும் பயப்படுவார்கள். அத்தைக்கோ, இத்தனை நாளாகத் தன்மேல் தானே போட்டுவைத்திருந்த பழி அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, ரொம்பச் சந்தோசமுங்க," என்றார். "நானாக் கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பிசியோதெரபி தனப்பிரியா தொடைத் தசைக்குப் புதுப் பயிற்சிகள் சொல்லித் தந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலைக் கீழே அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி, பத்து எண்ண வேண்டும். தொடையின் முன்தசைதான் மூட்டுக்குக் காவல்காரன். அவன் பலமாக இருந்தால் பாரத்தில் பாதியை அவனே வாங்கிக்கொள்வான் என்றாள்.

"எண்ணாம ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கலாமா கண்ணு?"

"மெதுவாச் சொன்னீங்கன்னா சரியா இருக்கும் பாட்டி."

ஆறு வாரம் முழங்கால் போடவே கூடாது. அதற்குப் பிறகு தலையணை வைத்து, கொஞ்ச நேரம் போடலாம். "மூட்டு ஒடையாது," என்றார் டாக்டர் வாசல் வரை வந்து. "ஆனா மணல்ல முழங்கால்லயே நடந்து போறதுக்கு மட்டும் எங்கிட்டச் சம்மதம் கேக்காதீங்க."

திரும்பும் வழியில் சவரியார் வண்டியை ஓட்டினார். சகாயம்மாள் காலை நீட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நேர்ச்சைய மாத்திக் குடுக்க முடியுமான்னு பங்குச்சாமியாரக் கேக்கோணும்," என்றார். "அவருக்கு அந்த அதிகாரம் இருக்குதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கேப்போம் அத்தை."

"மாத்த முடியாதுன்னா?"

"பத்து மாசம் பொறுத்த மாதா இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாளா?" என்றார் சவரியார். "அவளும் புள்ள பெத்து வளத்தவதான். காலு வீங்குறதப் பத்தி அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல."

சகாயம்மாள் சிரித்தார். கொண்டலாம்பட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து, இரு பக்கமும் தென்னை மரங்கள் நீண்ட நிழல்களைப் போட்டிருந்தன. கால் வலித்தது. ஆறுதான். ஆனால் ஆறு என்று மற்ற மூன்று பேருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவ்வளவு கனமாக இல்லை.

ஹெலனின் போன் அடித்தது. மார்ட்டின். அவள் ஸ்பீக்கரில் போட்டு அத்தையிடம் நீட்டினாள்.

"அம்மா, டாக்டரு என்ன சொன்னாரு? காலு எப்படி இருக்குது?"

நல்லாருக்குது சாமி என்ற பழைய பதில் பழக்கத்தில் நாக்கு வரை வந்துவிட்டது. சகாயம்மாள் அதை விழுங்கினார்.

"தொறக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கிருமி இல்ல. ஆட்டம் இல்ல. ஆனா வலிக்குது சாமி. ஆறு."

"ஆறா? இத்தன நாளு ரெண்டுன்னுதானம்மா சொன்ன?"

"பொய்யி சொன்னேன். நீ அத்தன தூரத்துல கெடந்து கவலப்படுவியேன்னு. இனிமேச் சொல்லமாட்டேன். எதுனாலும் உள்ளது உள்ளபடிதான்."

தொடர்பு போய்விட்டதோ என்று ஹெலன் எட்டித் திரையைப் பார்த்தாள். போகவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லிர்றேன்மா," என்றான் மார்ட்டின். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு மாசமா நானும் மறைச்சு வெச்சிருக்கேன். அதுக்கு முந்தி… ஹெலன் பக்கத்துல இருக்காளா?"

சவரியார் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்சீட்டில் ஹெலன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்துவிட்டால் போதும். முன்பென்றால் சகாயம்மாள் அதைத்தான் செய்திருப்பார்.

அவர் இடது கையைப் பின்னால் நீட்டினார். ஹெலன் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கறா சாமி," என்றார் சகாயம்மாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறோம். சொல்லு."